வெயிலுமுத்து உடும்பின் வருகைப்பதிவு

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. இருந்த ஒரே சிங்கமும் மாற்றல் வாங்கிக்கொண்டு டவுன் பக்கத்து மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்விட்டது. அங்கே வேளாவேளைக்குக் கறி. அதற்குப் பிறகு காட்டை ஆண்டது ஆணைகள்தான். செயல் அலுவலராக இருந்த காட்டுப்பன்றி தினமும் ஓர் ஆணை எழுதி மருதமரத்தில் ஒட்டுவார். மறுநாள் அதைத் திருத்தி இன்னொன்றை அதன்மேல் ஒட்டுவார். எது தன் பட்டை, எது ஆணை என்று அந்த மரத்துக்கே தெரியாமல் போயிற்று.

காட்டின் நடுவே ஒரு குளம். குளத்துக்கு ஒரு மடை. அந்த மடையைக் காத்தது வெயிலுமுத்து என்ற உடும்பு. முப்பது வருஷமாக அந்த வேலை. நாக்கை நீட்டித் தண்ணீரைத் தொட்டால் போதும். மலையில் எத்தனை ஓடை பெருகியிருக்கிறது, வெள்ளம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், மடைப்பலகையை எத்தனை விரற்கடை தூக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் காலத்தில் கரை ஒருமுறைகூட உடைந்ததில்லை.

இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தை அவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் பார்த்தார். அது ஒரு புளியமரத்தில் நடந்தது. வாத்தியார் ஒரு தவிட்டுக்குருவி. உடும்பு மரத்தில் ஏறுவதைக் கண்டதும் முதலில் வாத்தியார் பறந்தார், பிறகு பிள்ளைகள் பறந்தார்கள். அத்தோடு படிப்பு முடிந்தது.

அவரிடம் ஒரு குணம் உண்டு. மற்றவர்கள் கோபத்தை மனதில் வைப்பார்கள். வெயிலுமுத்து அதைத் தேதியோடு வைப்பார். கரையில் குடியிருந்த மைனா ஒரு கும்பிடு போடாமல் போனது மாசி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. ஆனால் இருக்கிற பகைகளிலேயே பெரிய பகை சீராளன் என்ற கொக்கின்மேல். பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி பதினேழாம் தேதி, மீன்கள் சினை பிடிக்கிற காலம், பறவைகள் குளத்தில் இறங்கக் கூடாது என்று தடை இருந்த நேரம், சீராளன் மடை ஓரம் நைசாக வந்து நின்று ஒரு சினைக்கெண்டையைக் கவ்வினார். வெயிலுமுத்து வாலைச் சுழற்றி ஓர் அடி போட்டார். கொக்கு சேற்றில் விழுந்து எழுந்தது. வெள்ளைச் சிறகெல்லாம் கறுப்பாக நின்றுகொண்டு, “படிக்காத பய!” என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

அவர் அடித்த அடி எல்லோருக்கும் மறந்துபோயிற்று. கேட்ட சொல் அவருக்கு மறக்கவில்லை.

அந்தச் சீராளன்தான் பிற்பாடு முனைவர் ஆகிவிட்டார். தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்பதைப் பற்றி இருநூறு பக்கம் எழுதிக்கொடுத்துப் பட்டம் வாங்கினார் என்று பேச்சு. இப்போது வனக் கல்லூரியில் நீர்நிலை மேலாண்மைத் துறைக்கு அவரே தலைவர்.

இப்படி இருக்கும்போது புரட்டாசி மாதத்தில் மருதமரத்தில் ஓர் ஆணை வந்து ஒட்டிக்கொண்டது. மடை ஓரத்தில் குடியிருந்த செல்லக்கிளி என்ற தவளைதான் அதைப் படித்துவிட்டுத் தத்தித் தத்தி வந்தாள்.

“அண்ணாச்சி, உங்க வேலைக்கு வேட்டு வச்சிட்டானுவ.”

“என்னட்டி சொல்லுத?”

“இனிமே காவல் வேலைக்குக் கல்லூரிச் சான்றிதழ் வேணுமாம். தை ஒண்ணாந்தேதிக்குள்ள காட்டணுமாம். காட்டலேன்னா மடையைக் கீரிக்குக் குடுத்துருவானுவளாம்.”

“கீரிக்கா? அவனுக்குத் தண்ணின்னாலே ஆகாதேட்டி! தூத்தல் விழுந்தா மூக்கைக்கூட வெளிய நீட்ட மாட்டான்.”

“அவன் தண்ணியில இறங்கணும்னு ஆணையில எங்க இருக்கு? சான்றிதழ் இருக்கணும்னுதான் இருக்கு. அவன் போன வருசமே வாங்கிட்டாம்லா.”

அன்று சாயங்காலமே கீரி வந்தான். மடைக்கல்லின் மேல் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தான்.

“பெரியவரே, இந்த இடத்துல ஒரு நாற்காலி போட்டா காத்தோட்டமா இருக்கும், என்ன?”

“போடலாம். தண்ணி வந்தா நாற்காலி மெதக்கும், நீ முங்கிருவ,” என்றார் வெயிலுமுத்து. கீரி சிரித்துக்கொண்டே போனான். அந்தத் தேதியும் மனதில் பதிந்தது.

மடையைக் கீரியிடம் கொடுத்தால் முதல் வெள்ளத்திலேயே கரை போய்விடும். கரை போனால் குளம் இல்லை. குளம் இல்லாவிட்டால் வெயிலுமுத்து என்று ஒருவர் எதற்கு? வேறு வழி இல்லை. கிழ உடும்பு கல்லூரியில் சேர்ந்தது. விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் படித்த பள்ளி’ என்ற இடத்தில், ‘ஏறினேன், பறந்துவிட்டார்கள்’ என்று செல்லக்கிளியை எழுதச் சொன்னார். ‘தாயார் தொழில்’ என்ற இடத்தில், ‘முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டார்’ என்று எழுதச் சொன்னார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. யாரும் அதைப் படிக்கவில்லை என்று அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு செயலி. அதில் வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறரை மணிக்கு, நேரலை வகுப்பு. மொத்தம் நாற்பது. அதில் முப்பது வகுப்புக்கு வந்திருந்தால் சான்றிதழ். தேர்வு கிடையாது. வருவதே பெரிய படிப்பு என்று கல்லூரி முடிவு செய்திருந்தது. கேமரா திறந்திருக்க வேண்டும். மாணவர்களின் மைக்கைக் கல்லூரியே அடைத்துவிடும். முந்தின வருஷம் மரங்கொத்தி ஒன்று வகுப்பில் உட்கார்ந்தபடியே வீட்டு வேலையும் பார்த்ததாம்.

சிக்னல் குளத்தங்கரையில் கிடைக்கவில்லை. மேட்டில், வெயிலுமுத்துவின் பொந்துக்கு முன்னால் இருந்த பாறையில்தான் கிடைத்தது. அங்கிருந்து மடை இரண்டு பர்லாங்கு, முழுக்க இறக்கம்.

முதல் நாள் கைப்பேசியைக் கல் இடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு, வெயிலுமுத்து அதற்கு எதிரே அமர்ந்தார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு முகம். அணில், முயல், மயில், முள்ளம்பன்றி. வௌவால் தலைகீழாகத் தெரிந்தது. அதை நேராக்கக் கைப்பேசியைத் திருப்பினால் மற்ற எல்லோரும் தலைகீழானார்கள். நடுவில் பெரிய கட்டத்தில் முனைவர் சீராளன், கழுத்தில் துண்டோடு.

“மாணவச் செல்வங்களே, குளம் என்றால் என்ன?” என்று கேட்டார். மூன்று விநாடி காத்திருந்தார். “நல்லது,” என்றார். யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அவர்பாட்டுக்குப் போனார்.

வெயிலுமுத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குளத்தில் திருடினவனிடமே குளம் என்றால் என்ன என்று கேட்க வேண்டிய காலம். ஆனாலும் அடக்கிக்கொண்டார். உடும்புக் குலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் சொல்லிக்கொடுக்கும்போது கேட்கிறவர் இமைகூட அசைக்கக் கூடாது. அசைந்தால் கேட்கவில்லை என்று அர்த்தம். சொல்கிறவன் பகையாளியாக இருந்தாலும் மரியாதை மரியாதைதான். போதாததற்கு அதிகாலைக் குளிர். வெயில் ஏறி உடம்பு சுடாதவரை உடும்புக்குக் கைகால் ஓடாது. ஆக, ஒரு மணி நேரம் கல்லோடு கல்லாக இருந்து, ஒரு சொல் விடாமல் கேட்டார்.

பத்து வகுப்புகள் இப்படியே கேட்டார். நாற்பத்திரண்டு தப்புகளையும் கண்டுபிடித்து மனதில் வைத்துக்கொண்டார்.

பத்தாவது வகுப்பு முடிந்ததும் கைப்பேசி கிணுங்கியது. செல்லக்கிளி படித்தாள்.

“அண்ணாச்சி… ‘அன்புள்ள மாணவரே, நீங்கள் வந்த வகுப்புகள்: பூஜ்யம். இனி ஒரு வகுப்பு தவறினாலும் உங்களுக்குச் சான்றிதழ் கிடையாது.’”

“பூஜ்யமா? பத்து நாளும் இந்தப் பாறையிலதானட்டி இருந்தேன்!”

“இருந்திய. நான்தான் பாத்தேனே. அசைஞ்சியளா?”

“எதுக்கு அசையணும்?”

செல்லக்கிளி செயலியின் விதிமுறைகளைத் தோண்டிப் பார்த்தாள். அறுபத்து நாலு பக்கம். நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. போன வருஷம் கீரி தன் புகைப்படம் ஒன்றைக் கேமரா முன்னால் மாட்டிவிட்டு, நாற்பது வகுப்பும் வெளியே சுற்றியிருக்கிறான். சான்றிதழ் கொடுத்த பிறகுதான் கல்லூரிக்குத் தெரிந்ததாம். கொடுத்ததைப் பிடுங்கினால் கல்லூரிக்கு அவமானம் என்று கீரியை விட்டுவிட்டார்கள். அடுத்து வருகிறவர்களுக்குத்தான் விதி. கால்மணி நேரம் தொடர்ந்து அசையாத முகத்தைச் செயலியே புகைப்படம் என்று எடுத்துக்கொண்டு, வராதவர் கணக்கில் போட்டுவிடும்.

“ஏமாத்துனவனுக்கு வேலை. ஏமாத்தாதவனுக்கு விதி,” என்றார் வெயிலுமுத்து.

புகார் கொடுத்தார். குறைதீர்க்கும் கூட்டம் என்று ஒரு நாள் குறித்தார்கள். அதுவும் நேரலைதான். தலைவர் யார் என்று பார்த்தால் அதே சீராளன். “புகார்தாரர் பேச விரும்பினால் கையைத் தூக்கவும்,” என்றார். திரையின் ஓரத்தில் அதற்கென்று சின்னதாக ஒரு கை படம் இருக்கிறது, அதைத் தொட வேண்டும் என்பது வெயிலுமுத்துக்குத் தெரியாது. தன் வலது முன்னங்காலையே தூக்கினார். தூக்கினதைக் கீழே இறக்காமல், அசையாமல், மரியாதையாக அரைமணி நேரம் வைத்திருந்தார்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. ‘புகார்தாரர் வரவில்லை. அவருக்குப் பதிலாக, கை தூக்கிய நிலையில் ஓர் உடும்புச் சிலை வைக்கப்பட்டிருந்தது. புகார் முடித்துவைக்கப்படுகிறது.’

“செலையாம்லா, அண்ணாச்சி,” என்று செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரி, சிரி. மழைக்காலம் முடியட்டும், ஒன்னய முழுங்கிட்டுத்தான் மறுவேலை.”

“முழுங்கிட்டா யாரு படிச்சுச் சொல்லுவா?”

அது நியாயம் என்று பட்டதால் விட்டுவிட்டார்.

பதினோராவது வகுப்பில் குலத்தின் கட்டுப்பாட்டை மீறித் தலையை ஆட்டினார். மேலும் கீழும், ஒரு மணி நேரம். குளிரில் விறைத்த கழுத்து. வகுப்பு முடிந்தபோது கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. சீராளன் என்ன பாடம் நடத்தினார் என்று ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. ஆனால் கைப்பேசியில் பச்சை விளக்கு எரிந்தது. ‘வாழ்த்துகள், இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள்.’

“கேட்டப்போ வரல. கேக்காதப்போ வந்துட்டேனாம்,” என்றார்.

பன்னிரண்டாவது வகுப்பன்று விடியும் முன்பே மழை கொட்டித் தீர்த்திருந்தது. மேற்கே மலை முழுக்க மேகம். சீராளன் திரையில், “வெள்ளக் காலத்தில் மடைக்காவலரின் கடமைகள்,” என்று தொடங்கினார். அப்போது செல்லக்கிளி நனைந்துபோய் மேட்டுக்கு ஏறி வந்தாள்.

“அண்ணாச்சி, தண்ணி மூணாம்படி தாண்டிட்டு! ஓடியாங்க!”

“வகுப்பு நடக்குட்டி. போனா சான்றிதழ் போச்சு.”

“போகலேன்னா கரையே போச்சு!”

திரையில் சீராளன் சொல்லிக்கொண்டிருந்தார்: “வெள்ளம் வரும்போது காவலர் உடனே மடைக்கு விரைய வேண்டும்.” விரைந்தால் தவறிவிடும். இருந்தால் உடைந்துவிடும். 

அவர் அந்த வாரம்தான் தோல் உரித்திருந்தார். உடும்புத் தோல் பாம்புச் சட்டை மாதிரி ஒரே உருப்படியாகக் கழலாது, துண்டு துண்டாகத்தான் வரும். வீட்டில் ஈரம் வராமல் இருக்க அதைக் கருவேலம்பிசின் வைத்து ஒட்டிப் பொந்து வாசலில் படுதாவாகத் தொங்கவிட்டிருந்தார். அவர் கண் அதில் விழுந்தது. அவர் நெஞ்சுக்கு அது சம்மதமில்லை, கைகள் கேட்கவில்லை. படுதாவைச் சுருட்டி, உள்ளே காய்ந்த புல்லைத் திணித்து, நாரில் கட்டி, கைப்பேசிக்கு எதிரே ஒரு கிளையில் மாட்டினார். கொண்டல் காற்று வீசியது. தோல் தலையை ஆட்டியது. அவரைவிட நன்றாகவே ஆட்டியது.

வெயில் இல்லை, கால் ஓடவில்லை. ஆனால் இறக்கம் இருந்ததே. காலை மடக்கிக்கொண்டு உருண்டார். இரண்டு பர்லாங்கும் உருண்டே மடைக்குப் போய்ச் சேர்ந்தார். பலகையை வாயால் கவ்வி எட்டு விரற்கடை தூக்கினார். உடும்பு பிடித்தால் விடாது என்பது தெரிந்த விஷயம். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. கரை தப்பித்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே ஆழமில்லாத தண்ணீரில், ஒற்றைக்காலில், முனைவர் சீராளன் நின்றுகொண்டிருந்தார். வாயில் ஒரு சினைக்கெண்டை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ஐயா, நீங்க மேல வகுப்பு எடுத்துக்கிட்டு இருக்கியளே,” என்றார் வெயிலுமுத்து.

கொக்கு மீனை விழுங்கியது. “ஆமா. அங்கதான் இருக்கேன். நீர் யாரு?”

“வெயிலுமுத்து. ஒங்க மாணவன். நானும் மேல வகுப்புலதான் இருக்கேன்.”

“கவனிக்கீரா?”

“தலையாட்டிக்கிட்டு இருக்கேன்.”

செல்லக்கிளிக்கு விக்கல் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். சீராளன் அந்த நாற்பது பாடங்களையும் நாலு வருஷத்துக்கு முன்பு ஒரே ஒருமுறை பேசிப் பதிந்து வைத்திருந்தார். நேரலை என்ற பெயரில் தினமும் ஓடியது அந்தப் பதிவுதான். வருகையைச் செயலி பார்த்துக்கொண்டது. ஐயா காலை உணவைப் பார்த்துக்கொண்டார்.

பதினோரு வருஷம் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை, காட்டுப்பன்றியிடம் ஒரே ஒரு வார்த்தை போதும். துண்டும் பட்டமும் பறந்துவிடும். வெயிலுமுத்துவின் வால் தானாகச் சுழலத் தொடங்கியது. அப்போது கொக்கு மெதுவாகச் சொன்னது:

“சொல்லும் வே, போய்ச் சொல்லும். ‘வகுப்பு நேரத்துல கொக்கு குளத்துல நின்னுது’ன்னு சொல்லும். ‘நீ எங்கடே நின்ன’ன்னு கேப்பாரு. அதுக்கும் ஒரு பதிலை யோசிச்சு வச்சுக்கிடும்.”

வால் நின்றுவிட்டது.

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் வெயிலுமுத்து கொக்கைச் சும்மா விடவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து மீன், சினைமீனைத் தொடக் கூடாது, மடைக்கு இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. கொக்கு ஐந்தாவது மீனை எடுத்ததும், “போதும், வெளிய வாங்க,” என்பார். முனைவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வருவார். தடை இருந்த குளத்தில், அந்தத் தடையை மீறுவதற்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு வந்து சேர்ந்தது.

வகுப்பு நாட்களில் கைப்பேசியைத் திறந்து, தோலை மாட்டிவிட்டு, உருண்டு குளத்துக்கு வந்துவிடுவார். தினமும் பச்சை விளக்கு. ‘மிகுந்த ஆர்வமுள்ள மாணவர்’ என்று இரண்டு தடவை நட்சத்திரம்கூட வந்தது. அது எரிச்சலாக இருந்தது. அவர் கேட்டபோது கிடைக்காத நட்சத்திரம் அது.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. முப்பத்தொன்பது வகுப்புகள் முடிந்தன. பதினோராவதிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை. இன்னும் ஒன்றே ஒன்று.

நாற்பதாவது நாள் காலையில் காட்டில் மூடுபனி. வெயிலுமுத்து வழக்கம்போல உருண்டு வந்தார். கொக்கு மூன்றாவது மீனில் இருந்தது. செல்லக்கிளி திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி… நாணல் அசையலயே.”

அசையவில்லை. ஆலமரத்து இலை ஒன்றுகூட அசையவில்லை. காற்று செத்துப்போயிருந்தது. மேட்டில் தோல் விறைத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். கால்மணி நேரத்தில் செயலி அதைப் புகைப்படம் என்று முடிவு கட்டிவிடும். இருபத்தொன்பதோடு நின்றுவிடும்.

வெயிலுமுத்து மேட்டைப் பார்த்து ஏறத் தொடங்கினார். நாலு அடி வைத்தார். கால் மரத்துவிட்டது. உருண்டு வந்த வழியில் உருண்டு ஏற முடியாது. வெயில் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

“நான் தத்திப் போய்ச் சேரதுக்குள்ள கால்மணி தாண்டிரும்,” என்றாள் செல்லக்கிளி. பிறகு கொக்கின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

கொக்குக்கும் புரிந்துவிட்டது. நிதானமாக அலகைத் துடைத்துக்கொண்டது.

“நான் பறந்தா மூணு நிமிசம். தோலுக்குப் பின்னால நின்னு சிறகை அடிச்சா காத்து வரும். செய்யலாம். ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“ஐப்பசி பதினேழு. பதினோரு வருசத்துக்கு முந்தி. வாலால அடிச்சீரே. அது தப்புன்னு சொல்லும்.”

வெயிலுமுத்து அசந்துபோனார். அந்தத் தேதி தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார்.

“திருடினவர் நீங்க.”

“சேத்துல விழுந்தவன் நான். துண்டு கட்டாத காலம். எல்லாரும் பாத்தானுவ.”

“என்னையப் படிக்காத பயன்னு சொன்னிய.”

“இப்போ படிச்சிக்கிட்டுதானே இருக்கீரு? கடைசி நாளு. நேரம் ஓடுது வே.”

“சொல்லிருங்க, அண்ணாச்சி,” என்றாள் செல்லக்கிளி. “கீரி நேத்து நாற்காலி செய்யக் குடுத்துட்டானாம்.”

வெயிலுமுத்து தண்ணீரைப் பார்த்தார். நாக்கை நீட்டித் தொட்டார். மலையில் மூன்று ஓடைகள் பெருகியிருந்தன; நாளை மறுநாள், தை ஒன்றாம் தேதி, வெள்ளம் வரும். அன்றைக்கு மடையில் கீரி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார்.

“தப்புதான்,” என்றார்.

“யார் தப்பு?”

“…என் தப்பு.”

கொக்கு பறந்தது. நாலு அடி மேலே போனதும் திரும்பிப் பார்த்து, “சத்தமாச் சொல்லியிருக்கலாம்,” என்றது. பனிக்குள் மறைந்தது.

சீராளன் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. தோலுக்குப் பின்னால் நின்று சிறகை அடித்தார். தோல் தலையை ஆட்டியது. நிறுத்தினால் தோலும் நிற்கும். அதனால் ஒரு மணி நேரமும் நிறுத்த முடியவில்லை. கைப்பேசியிலிருந்து அவருடைய குரலே வந்துகொண்டிருந்தது. காதைப் பொத்தலாம் என்றால் இரண்டு சிறகும் வேலையில் இருந்தன. அந்தப் பாடத்தைப் பதிந்த பிறகு அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்டார்.

வெயில் ஏறின பிறகுதான் குளத்துக்குத் திரும்பினார். சிறகு இரண்டும் தரையில் இழுபட்டன. துண்டு எங்கோ விழுந்துவிட்டது. கரையில் அப்படியே உட்கார்ந்தார்.

“பச்சை விளக்கு எரிஞ்சுதா, ஐயா?” என்றார் வெயிலுமுத்து.

“எரிஞ்சுது, எரிஞ்சுது.” கொக்கு இழுபட்ட சிறகுகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டது. பிறகு கேட்டது: “ஏன் வே, நான் இவ்வளவு அறுவையாவா போடுதேன்?”

வெயிலுமுத்து யோசித்துப் பதில் சொன்னார். “பத்து வகுப்பு முழுசாக் கேட்டவன் நான். நீங்க ஒண்ணுதான் கேட்டிருக்கிய.”

“குளம்னா என்னன்னு கடைசியில மறுபடியும் கேக்கேன். மூணு விநாடி விட்டுட்டு ‘நல்லது’ங்கேன். என்னத்த நல்லது? எவன் பதில் சொன்னான்? நடுவுல மடைப்பலகையைப் பத்தித் தப்பா வேற சொல்லுதேன். ‘ஏலே, அது தப்புலே’ன்னு கத்துனேன். நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன்.”

“ரெண்டு மீன் பாக்கி இருக்கு, ஐயா. சாப்பிடுதியளா?”

“பசிக்கல.”

பதினோரு வருஷத்தில் வெயிலுமுத்துக்கு அவ்வளவு வயிறு குளிர்ந்தது அன்றைக்குத்தான். வாலால் அடித்தது அரை நொடிகூட இருக்காது. இது முழுசாக ஒரு மணி நேரம்.

மார்கழி கடைசியில் சான்றிதழ் வந்தது. ‘முப்பது ஆண்டு அனுபவம்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ‘மடை என்றால் என்ன என்று அறிந்துகொண்டார்’ என்று இருந்தது. காட்டுப்பன்றி அதை வாங்கி மருதமரத்தில் ஒட்டினார். வேலை வெயிலுமுத்துக்கே நிலைத்தது. அந்த வெள்ளமும் வந்து ஒழுங்காகப் போயிற்று. கீரி செய்யக் கொடுத்த நாற்காலியைச் செயல் அலுவலர் வாங்கிக்கொண்டார்.

முனைவர் சீராளனும் சும்மா இருக்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்து, பாடத்தில் பெரிய சீர்திருத்தம் ஒன்று செய்தார். அடுத்த பருவத்திலிருந்து பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். வகுப்பு சுறுசுறுப்பாகிவிட்டது என்று கல்லூரி அவருக்குப் பொன்னாடை போர்த்தியது.

நீதி: வகுப்புக்கு எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, யாராவது ஒருவர் வந்தால் போதும். அந்த ஒருவர் ஆசிரியராகவே இருந்துவிட்டாலும் அது பெரிய குற்றமில்லை.